தூக்கம் வந்தால் குற்றம் யாருடையது?

கேள்வி: மேற்கத்திய செவ்வியல் இசையைக் கேட்டுப் பழகலாம் என்று 'கேட்டே ஆகவேண்டிய நூறு' பட்டியல் ஒன்றைப் பிடித்து, பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனியில் தொடங்கினேன். மூன்று முறையும் பாதியில் தூங்கிவிட்டேன். எனக்கு ரசனையே இல்லையா? – ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: ரசனைக்கு ஒரு குறையும் இல்லை, பட்டியலைத் தூக்கிப் போடுங்கள். ஒன்பதாவது சிம்பொனி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும். பாடகர்கள் வாயைத் திறப்பதே கடைசிப் பகுதியில்தான். கச்சேரிப் பக்கமே போகாதவரை முதல் நாளே ராகம் தானம் பல்லவிக்கு உட்கார வைத்தால் அவர் வேறென்ன செய்வார்?

இந்த இசை உங்களுக்குப் புதிதும் அல்ல. டைட்டன் வாட்ச் விளம்பர இசை நினைவிருக்கிறதா? மொஸார்ட்டின் 25ஆவது சிம்பொனி, முதல் பகுதியிலிருந்து எடுத்தது. 1773இல் அதை எழுதியபோது அவருக்கு வயது 17. விளம்பரத்தின் இனிமையை எதிர்பார்த்து அசலைப் போட்டால், எடுத்த எடுப்பில் சண்டைக்கு வருகிற மாதிரி இருக்கும். அந்தப் பையனுக்கு யார் மேல் அவ்வளவு கோபமோ!

அப்புறம் பீத்தோவனிடமே திரும்புங்கள். ஆனால் ஏழாவது சிம்பொனி, அதிலும் இரண்டாம் பகுதி மட்டும். எட்டு, ஒன்பது நிமிடம். 1813 டிசம்பரில், போரில் காயம்பட்ட வீரர்களுக்காக வியன்னாவில் நடந்த கச்சேரியில் முதன்முதலாக வாசித்தபோதே, இந்தப் பகுதியை இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லிக் கூட்டம் கேட்டது. காற்று வாத்தியங்கள் ஒரு கார்வை கொடுத்து அடங்கும். கீழ் ஸ்தாயியில், வயலினின் பெரிய உறவுக்காரர்களான வயோலா, செல்லோ, டபுள் பேஸ் மூன்றும் 'தாம் தக தாம் தாம்' என்று நடக்கத் தொடங்கும். மெட்டு என்று சொல்லவே அதில் பெரிதாக ஒன்றும் இல்லை, ஒரே ஸ்வரத்தைத் தட்டிக்கொண்டிருப்பது போலத்தான் இருக்கும். அடுத்த சுற்றில் இரண்டாம் வயலின்கள் அதை வாங்கிக்கொள்ளும். காதைத் தீட்டிக்கொள்ள வேண்டிய இடம் இதுதான். அடியில் வயோலாவும் செல்லோவும் நெஞ்சைப் பிசைகிற வேறொரு மெட்டை இழுத்துக்கொண்டிருக்கும். நம் கச்சேரியில் வயலின்காரர் பாடகர் போன வழியிலேயே போவார். இங்கே இருவர் இரண்டு பாட்டைப் பாடுகிறார்கள், ஒருவரை ஒருவர் இடிக்காமல். அந்த இரண்டாவது குரல் காதில் விழுந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். விழவில்லையா, மறுபடி போடுங்கள்.

ஒரே நேரத்தில் இத்தனை குரல் வேண்டாம் என்றால் பாக் இருக்கிறார். செல்லோவுக்கு எழுதிய முதலாவது சூட்டின், அதாவது இசைத் தொகுப்பின், பிரெலூட் என்னும் தொடக்கப் பகுதி: ஒற்றைச் செல்லோ, பக்கவாத்தியம் கிடையாது, இரண்டரை நிமிடத்தில் முடிந்துவிடும். விவால்டியின் 'நான்கு பருவங்க'ளை எல்லாரும் சொல்வார்கள், நானும் சொல்கிறேன். 'வசந்த'த்தின் இரண்டாம் பகுதியில் ஆட்டு இடையன் தூங்குகிறான், பக்கத்தில் வயோலா அவன் நாயாகக் குரைத்துக்கொண்டே இருக்கிறது. (இங்கே தூங்க உங்களுக்கும் அனுமதி உண்டு.) மணிக்கணக்கில் ஓடும் ஓபராக்களை எழுதிய வாக்னர் இப்போது வேண்டவே வேண்டாம்.

கடைசியாக ஹைடன், 45ஆவது சிம்பொனி. 1772இல் ஹைடன் வேலை பார்த்த எஸ்டர்ஹாசி இளவரசர் கோடை மாளிகையைவிட்டு நகர்வதாகவே இல்லை. வாத்தியக்காரர்களோ பெண்டாட்டி பிள்ளைகளைப் பார்த்து மாதக்கணக்காகிவிட்டது. எஜமானிடம் லீவு கேட்கவும் முடியாது. ஹைடன் மனு எழுதவில்லை, சிம்பொனி எழுதினார். முடிவில் ஒவ்வொருவராகத் தங்கள் பங்கை வாசித்து, மெழுகுவர்த்தியை ஊதி அணைத்துவிட்டு எழுந்து போகிறார்கள். மிஞ்சுவது இரண்டே வயலின்கள். இளவரசருக்குப் புரிந்துவிட்டது, மறுநாளே மூட்டை கட்டச் சொன்னாராம். அந்தக் கடைசி ஏழெட்டு நிமிடத்தை மட்டும் கேளுங்கள். அதிலும் தூங்கிப் போனால் எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.