யானுஷ் கோர்ச்சாக் அப்படி என்ன செய்தார்?

அநாதைப் பிள்ளைகளோடு சாகப் போனவர் என்று மட்டும்தான் பலரும் சொல்கிறார்கள். அதற்கு முந்தைய 30 ஆண்டுகளும் எனக்கு அதே அளவு பெரியவை.

குழந்தை மருத்துவரான இவர், 1912-ல் போலந்தின் வார்சாவில் யூத அநாதைப் பிள்ளைகளுக்கான இல்லத்தை நடத்தத் தொடங்கினார். அங்கே ஒரு நீதிமன்றம் இருந்தது. நீதிபதிகள் பிள்ளைகளே! பெரியவர்கள் மீதும் வழக்குப் போடலாம். ஒரு பையனின் காதோடு அறைந்துவிட்டதற்காகத் தன் மீதே வழக்குக் கொடுத்தார் கோர்ச்சாக். சட்டப் புத்தகத்தின் பெரும்பாலான விதிகள் மன்னிக்கத்தான் சொல்லின.

அப்புறம் நாஜி ஆக்கிரமிப்பு. 1940-ல் இல்லமே கெட்டோவுக்குள், அதாவது யூதர்களை அடைத்து வைத்த பகுதிக்குள், போனது. தப்பிக்க வழி வந்தபோதும் மறுத்துவிட்டார். 1942 ஆகஸ்டில் சுமார் 200 பிள்ளைகளோடும், கூடவே உழைத்த ஸ்டெஃபானியா வில்ச்சின்ஸ்காவோடும் ட்ரெப்ளிங்கா என்ற நாஜி கொலை முகாமுக்கு ரயிலேறினார். யாரும் திரும்பவில்லை.