இரவில் முகம் தெரியவில்லையா? கேமராவை மாற்றுவதற்கு முன்

பகலில் நன்றாக இருக்கும் படம் இரவில் புகை மூட்டமாகிறது, நடந்து வருபவரின் முகம் இழுபடுகிறது, எட்டு 1080பி கண்காணிப்பு கேமராக்களையும் அதிகப் படப்புள்ளிகள் (பிக்சல்) கொண்ட 4கே-வுக்கு மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் ஏணி போட்டு ஏறிப் பாருங்கள். புகை மூட்டம் என்றாலே எனக்கு லென்ஸை மூடியிருக்கும் அரைக்கோள டோம் மூடிமேல்தான் சந்தேகம். தூசி, விரல் ரேகை, சிலந்தி வலை எதுவானாலும் இருட்டில் பார்க்கக் கேமராவே வீசும் அகச்சிவப்பு ஒளி அதில் பட்டு லென்ஸுக்கே திரும்பிவிடும். மைக்ரோஃபைபர் துணியால் துடைத்துவிட்டு அன்று இரவே பாருங்கள். சுவர் மிக அருகில் இருந்தாலும் இதே கதைதான். கேமராவைச் சற்றுத் திருப்பி வையுங்கள்.

முகம் இழுபடுவது ஷட்டரின், அதாவது ஒவ்வொரு படத்துக்கும் ஒளியை உள்ளே விடும் நேரத்தின், வேலை. தானியங்கியில் விட்டால் இருட்டில் 1/25 நொடி வரைகூடப் போய்விடும். 1/100-இல் நிறுத்துங்கள். படம் கறுக்கும், வாசலில் ஒரு விளக்கு போட்டால் சரியாகிவிடும். (ஒளியைப் பிடிக்கும் சென்சார் அதே அளவில் இருக்க, 4கே என்றால் பிக்சல் இன்னும் சிறியது, இருட்டில் அதிகம் திணறும்.)

அப்புறம், நேரலை தெளிவாக இருந்து பதிவு மட்டும் மங்கலாக இருந்தால், ரெக்கார்டர் சப் ஸ்ட்ரீமை (கேமரா கூடவே அனுப்பும் தரம் குறைந்த படத்தை) பதிகிறதா என்று பாருங்கள்.

இவ்வளவும் செய்தபின் வாசல் கேமராவை மட்டும் வேண்டுமானால் மாற்றலாம். தெரியாதவரின் முகத்தை அடையாளம் காண ஒரு மீட்டர் அகலத்துக்குச் சுமார் 250 பிக்சல் வேண்டும். உங்களுடையது 1920 பிக்சல் அகலம். காட்சி ஏழரை மீட்டருக்கு மேல் விரிந்தால் போதாது. அகலமாகக் காட்டும் 2.8 மி.மீ. லென்ஸுக்குப் பதில் குறுகலாகக் காட்டும் 6 மி.மீ. போட்டு, கதவை மட்டும் பார்க்க வையுங்கள்.