மன்னவனூர் ஏரிக்கரையில காரவேனை நிறுத்தி ராத்திரி தூங்கலாமா?

திருப்பூர்ல இருந்து ஒரு வாசகி கேட்டிருக்காங்க. மே மாசம் மூணு நாள், வீட்டுக்காரர், ரெண்டு பசங்க, முட்டி வலி இருக்கிற மாமியார். பாத்ரூம் கூடவே வரணும்னு, உள்ளயே படுக்கையும் பாத்ரூமும் இருக்கிற காரவேன் வாடகைக்கு எடுக்கிறாங்களாம். கொடைக்கானல் டவுன் கூட்டம் வேண்டாம், மன்னவனூர் ஏரிக்கரையிலேயே வண்டியை நிறுத்திக்கலாம்னு ஏஜென்ட் சொல்லியிருக்கார், அதுக்கு "ஏரிக்கரை நைட் பார்க்கிங் பெர்மிட்" தனியா 3,500 ரூபா, வண்டி டிஎன் 57 நம்பர்ங்கிறதால, மலைக்குப் போற வண்டிக்கு எடுக்கிற இ-பாஸ் தேவையில்லைன்னும் சொல்றாராம். நம்பலாமான்னு கேக்கறாங்க.

நம்பாதீங்க. ரெண்டையுமே.

மன்னவனூர் ஏரியில சுற்றுலாவை நடத்துறது வனத்துறை. பகல்ல டிக்கெட் வாங்கி உள்ள போகலாம், பரிசல்ல போகலாம், புல்வெளியில பசங்க ஓடலாம், சாயங்காலம் எல்லாரையும் வெளிய அனுப்பிடுவாங்க, அவ்வளவுதான். அந்தக் கரையில வண்டிக்குள்ள ராத்திரி தங்க ஒரு புரோக்கர் கையில பெர்மிட் கிடைக்கும்னா அந்த பெர்மிட்டை நீங்களும் நானும் ஒருக்காலும் பாக்கப் போறதில்ல. ஒண்ணு பண்ணுங்க, வனத்துறை சீல் போட்ட ரசீதை முன்னாடியே வாட்ஸ்அப்ல அனுப்புங்க, அப்புறம் பணம் போடுறேன்னு சொல்லிப் பாருங்க, "அதெல்லாம் அங்க போய் பாத்துக்கலாம் மேடம்"னு பதில் வரும். அங்க போய்ப் பாக்கும்போது ராத்திரி எட்டு மணி, ரோந்து வர்ற ஃபாரஸ்ட் கார்டு வண்டியை எடுக்கச் சொல்வார், ஏஜென்ட் போன் சுவிட்ச் ஆஃப், அந்த இருட்டுல மூடுபனியில காட்டு மாடு குறுக்க வர்ற ரோட்டுல நீங்க மாமியாரை வெச்சுக்கிட்டு எங்க போவீங்க?

அதனால மொதல்ல எடம், அப்புறம்தான் வண்டி. எல்லாரும் இதைத் தலைகீழா பண்றாங்க. மன்னவனூர் ஊருக்குள்ளயோ, வழியில பூம்பாறையிலயோ பட்டா நிலத்துல இருக்கிற ஹோம்ஸ்டே ஒண்ணைப் பிடிச்சு நேரா ஓனர்கிட்டயே பேசுங்க. ஒரு ரூம் எடுத்துக்கறோம், முற்றத்துல வேனை நிறுத்திக்கறோம்னு சொல்லுங்க. வாசல்ல வண்டி திரும்புமா, நிக்கிற தரை சமமா இருக்கா, எர்த் உள்ள 16 ஆம்ப் பிளக் பாயிண்ட் இருக்கா, இந்த மூணையும் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. சரிவுல நிறுத்தினா படுக்கவும் முடியாது, பாத்ரூம் தண்ணியும் ஒழுங்கா வடியாது. அந்த ரூம் மாமியாருக்கு. வேன்ல படி ஏறி இறங்கறதே முட்டி வலிக்காரங்களுக்குப் பெரிய பாடு, இதை எந்த ஏஜென்ட்டும் சொல்ல மாட்டான்.

ஏரியைப் பாத்த மாதிரி டென்ட் போட்டு "லேக் வியூ கேம்ப்"னு விளம்பரம் பண்றவங்ககிட்டயும் ஜாக்கிரதை, லைசென்ஸ் காப்பி கேளுங்க, கோபப்பட்டாங்கன்னா பதில் கிடைச்சிருச்சு.

இப்ப இ-பாஸ். ஹைகோர்ட் உத்தரவுப்படி 2024 மே 7ல இருந்து கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் வந்தது. 2025 சீசன்ல ஏப்ரல்ல இருந்து ஜூன் வரைக்கும் கொடைக்கானலுக்கு சாதாரண நாள்ல 4,000 வண்டி, சனி ஞாயிறுல 6,000 வண்டின்னு அளவும் வெச்சாங்க, அதனால மே மாசம்னா கடைசி நேரம் வரைக்கும் விடாதீங்க. அரசு சைட்ல நீங்களே எடுக்கலாம், ஃப்ரீ. ஃப்ரீயா கிடைக்கிறதுக்கு 500, 1,000னு வாங்குறவங்க இருக்காங்க, அதுக்கும் ஜனங்க குடுத்துட்டு வர்றாங்க!

டிஎன் 57 கதைக்கு வர்றேன், இதுல நிறைய பேர் ஏமாறுறாங்க. உள்ளூர்க்காரங்களுக்கு விலக்கு இருக்கு, உண்மைதான். நீலகிரியில டிஎன் 43 நம்பரைப் பாத்தே விட்டாங்க, அங்க மாவட்டமே மலை, அதனால நம்பர் போர்டே போதும்னு வெச்சாங்க. அதை வெச்சுத்தான் இவங்க இங்க கதை கட்டுறாங்க. டிஎன் 57ங்கிறது திண்டுக்கல். திண்டுக்கல் மாவட்டத்துல மலைக்கு மேல இருக்கிறது ஒரு பகுதி, மிச்சமெல்லாம் கீழ சமவெளி, சமவெளிக்காரன் வண்டிக்கும் அதே நம்பர்தான். கொடைக்கானல்ல குடியிருக்கிறவங்க ஆதாரம் காட்டி உள்ளூர் பாஸ் வாங்கிக்கறாங்க, அந்த விலக்கு அங்க குடியிருக்கிற ஆளுக்கு, நம்பருக்கு இல்ல, திருப்பூர்ல இருந்து அஞ்சு பேரை ஏத்திட்டு வர்ற வாடகை வண்டிக்கு சுத்தமா இல்ல. அரசு பஸ்ல வர்றவங்களுக்கும் இ-பாஸ் வேண்டாம், அது வேற விஷயம்.

இன்னொண்ணு, பாஸ் வண்டி நம்பருக்குத்தான். "அந்த வண்டி ரிப்பேர், வேற அனுப்புறேன்"னு கிளம்புற அன்னைக்கு காலையில மாத்திட்டா நீங்க எடுத்த பாஸ் வெறும் காகிதம். அட்வான்ஸ் குடுக்கும்போதே நம்பரை எழுதி வாங்குங்க. அந்த நம்பரை மத்திய அரசோட எம்பரிவாகன் ஆப்ல போட்டுப் பாருங்க, எஃப்சி, இன்சூரன்ஸ், வண்டி எந்த வகைன்னு எல்லாம் வந்துரும். டிரைவரோட வர்ற வாடகை வண்டின்னா மஞ்சள் போர்டு இருக்கணும், நீங்களே ஓட்டுற வாடகை வண்டின்னா கறுப்பு போர்டுல மஞ்சள் எழுத்து. வெள்ளை போர்டு வந்தா ஏறாதீங்க. பழைய டெம்போ டிராவலரை வாங்கி உள்ள கட்டிலும் பாத்ரூமும் அடிச்சு, ஆர்சியில மாத்தாமலே வாடகைக்கு விடுறாங்க. மலையில ஏதாவது ஆச்சுன்னா இன்சூரன்ஸ்காரன் மொத கேள்வியே அதைத்தான் கேப்பான்.

சர்க்காரையும் சொல்லணும். 2023 சுற்றுலாக் கொள்கையில காரவேன் சுற்றுலாவை முக்கியமா வளர்க்கப் போறதா எழுதி வெச்சாங்க, நல்லது. பக்கத்துல கேரளாவுல 2022லயே வாகமண்ல காரவேன் பார்க் தொறந்துட்டாங்க. இங்க கொடைக்கானல் மலையில வண்டியை நிறுத்தி கரண்ட் எடுத்து கழிவைக் கொட்டிட்டுப் போக ஒரு எடம் காட்டச் சொல்லுங்க பாப்போம். ஆர்டிஓவைக் கேட்டா ஃபாரஸ்ட்டைக் கேளு, ஃபாரஸ்ட்டைக் கேட்டா பஞ்சாயத்தைக் கேளு. இந்த ஓட்டையிலதான் புரோக்கர் பொழைக்கிறான்.

கழிவு விஷயம் முக்கியம். வேன் பாத்ரூம் டேங்க் அஞ்சு பேருக்கு ரெண்டு நாளைக்கு மேல தாங்கறது கஷ்டம். "ஓடைப் பக்கம் திறந்து விட்டுருங்க"ன்னு டிரைவரே சொல்வார், அந்தத் தண்ணிதான் கீழ பூண்டு வயலுக்கும் ஆட்டுக்கும் ஊருக்கும் போகுது. ஹோம்ஸ்டே ஓனர் செப்டிக் டேங்க்ல விட சம்மதிக்கிறாரான்னு புக் பண்ணும்போதே கேட்டு, அதுக்கு ஏதாவது காசு குடுத்துடுங்க. கெமிக்கல் போட்ட டேங்க்னா சொல்லிட்டு விடுங்க.

ரோட்டுக்கு வர்றேன். திருப்பூர்ல இருந்து பழனி வழி கிட்ட, ஆனா குறுகல். காரவேனுக்கு ஒட்டன்சத்திரம், செம்பட்டி, வத்தலக்குண்டு சுத்திப் போங்க, ரெண்டும் பெருமாள்மலையில சேர்ந்துரும், வெள்ளி நீர்வீழ்ச்சி டோல்கேட்ல இ-பாஸ் பாப்பாங்க. டவுன்லயே டீசலும் பணமும் எடுத்துக்கோங்க. அங்க இருந்து மன்னவனூர் 35 கிலோமீட்டர் சுமார், எதிர்ல பஸ் வந்தா யாராவது ரிவர்ஸ் எடுத்தாகணும், அதனால பெரிய பஸ் சைஸ் காரவேன் வேண்டவே வேண்டாம், டெம்போ டிராவலர் அளவு போதும். கூரை மேல ஏசி, சோலார் பேனல் இருந்தா மரக்கிளையும் தாழ்ந்த ஒயரும் தட்டும். அஞ்சு லிட்டருக்குக் கீழ உள்ள பிளாஸ்டிக் தண்ணி பாட்டில் மேல கொண்டு போனா பாட்டிலுக்கு 20 ரூபா பசுமை வரி, பெரிய கேனும் ஸ்டீல் பாட்டிலும் எடுத்துட்டுப் போங்க.

மே மாசமானாலும் ராத்திரி குளிரும். கதவை அடைச்ச வேனுக்குள்ள கேஸ் ஹீட்டரோ பார்பிக்யூ கரியோ வெச்சுட்டு மட்டும் தூங்கிடாதீங்க. கொடைக்கானல்லயே ரூம்ல கரி அடுப்பை வெச்சுட்டுப் படுத்தவங்க எந்திரிக்கவே இல்ல. கம்பளி ரெண்டு கூட எடுத்துக்கோங்க.

அந்த 3,500 ரூபாயை இன்னும் குடுக்கலைன்னா குடுக்காதீங்க. குடுத்துட்டீங்கன்னா வாடகையில கழிச்சுக்கச் சொல்லி எழுத்துல வாங்குங்க, முடியாதுன்னு சொன்னா அந்த ஆளை விட்டுட்டு வேற வண்டி பாருங்க, மே மாசத்துக்கு இன்னும் நேரம் இருக்கு.