ஆடுகள் குட்டி வீசுகின்றன, மனைவி கர்ப்பமாக இருக்கிறார்: பட்டியையே விற்றுவிடலாமா?

கேள்வி: மானாமதுரை பக்கம் 22 வெள்ளாடுகள் வைத்திருக்கிறேன். இரண்டு மாதத்தில் நான்கு ஆடுகள், நாலாம் மாதச் சினையில் குட்டி வீசிவிட்டன. போன வாரம் ஒன்று வீசியபோது நான் ஊரில் இல்லை. ஐந்து மாதக் கர்ப்பிணியான என் மனைவிதான் செத்த குட்டியை வெறுங்கையால் எடுத்து, நஞ்சுக்கொடியைக் குப்பைக்குழியில் போட்டார். இதுவரை காய்ச்சல் இல்லை. "நாங்களும் நிறைமாசத்தில் ஆட்டுக்குக் குட்டி எடுத்தவர்கள்தான்" என்கிறார் அம்மா. மாமனாரோ எல்லா ஆட்டையும் விற்கச் சொல்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: தம்பி, விற்பதை அப்புறம் பேசலாம். முதலில் மனைவியை அவர் மாதாமாதம் காட்டும் டாக்டரிடம் நாளைக்கே கூட்டிப் போங்கள். "ஆடு குட்டி வீசியது, வெறுங்கையால் எடுத்தேன், இன்ன தேதி" என்று அவரே வாய் திறந்து சொல்ல வேண்டும். நாம் சொல்லாவிட்டால் டாக்டருக்கு ஆட்டின் நினைவே வராது. பிறகு காய்ச்சல் வந்தால் டைபாய்டு, டெங்கு என்றுதான் தேடுவார்கள். இப்போது காய்ச்சல் இல்லையே என்று இருந்துவிடாதீர்கள். கன்று வீச்சு நோய்க்கிருமி (புருசெல்லா) உடம்பில் புகுந்து காய்ச்சலாக வெளிவர இரண்டு மூன்று வாரம் ஆகலாம், சிலருக்கு மாதக்கணக்கிலும் ஆகும். மாலையில் ஏறி இறங்கும் காய்ச்சல், வியர்வை, இடுப்பு மூட்டு வலி எல்லாம் அதன் அடையாளங்கள். கர்ப்பிணிக்கு வந்தால் கரு கலையவும் கூடும். இதற்கு வழக்கமாகத் தரும் டாக்சிசைக்ளின் மாத்திரையைக் கர்ப்ப காலத்தில் தவிர்ப்பார்கள். வேறு மருந்து உண்டு, ஆனால் டாக்டர் பார்த்துத்தான் தர வேண்டும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போட்டுவிடாதீர்கள்.

உங்கள் பட்டியில் இருப்பது எது என்று இங்கிருந்து சொல்ல முடியாது. புருசெல்லா, கியூ காய்ச்சல், கிளமிடியா, டாக்ஸோபிளாஸ்மா என்ற தொற்றுகள் எல்லாமே சினையின் பிற்பாதியில் குட்டி வீச வைக்கும். இவற்றில் கியூ காய்ச்சலை லேசாக நினைக்காதீர்கள். அந்தக் கிருமி நஞ்சுக்கொடியில் கோடிக்கணக்கில் இருக்கும், காய்ந்தால் புழுதியோடு பறக்கும். நெதர்லாந்தில் 2007 முதல் 2010 வரை பால் ஆட்டுப் பண்ணைகளிலிருந்து இது பரவி 4,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். அவர்களில் பலர் ஆட்டைத் தொட்டதே இல்லை, காற்றில்தான் வந்தது. ஆகவே கொட்டிலைக் காய்ந்த விளக்குமாற்றால் பெருக்க வேண்டாம். தண்ணீர் தெளித்து, ஈரத்தோடு வாருங்கள். அந்த வேலையும் இனி உங்களுடையதுதான்.

அம்மா சொல்வது பொய்யல்ல. நோயில்லாத ஆட்டுக்குக் குட்டி எடுத்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. உங்கள் பட்டியிலோ நாலு ஆடு வீசியாகிவிட்டது. அந்தக் காலத்தில் கலைந்த கருவுக்கெல்லாம் யார் காரணம் தேடினார்கள், சொல்லுங்கள்?

மனைவி ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போடுவதில் பயமில்லை. ஆபத்து இருப்பது குட்டி, நஞ்சு, பனிக்குட நீர், வீசிய ஆட்டின் பின்பக்கத்தில் வாரக்கணக்கில் வடியும் நீர், காய்ச்சாத பால் இவற்றில்தான். ஈனும் ஆட்டுப் பக்கம் பிள்ளை பிறக்கும்வரை அவர் போகவே வேண்டாம். பால் கறப்பதும் வேண்டாம். பாலைப் பொங்கக் காய்ச்சினால் கிருமி செத்துவிடும். நீங்கள் கொட்டிலில் போட்ட சட்டை, கைலியை அவர் துவைக்கக் கூடாது. இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

பூனை விஷயமும் உண்டு. தீவன மூட்டையில் பூனை கழித்தால் அதிலிருந்து டாக்ஸோபிளாஸ்மா ஆட்டுக்கு வரும். மனிதர்களுக்குப் பூனைக் கழிவு பட்ட மண், கழுவாத கீரை, அரைவேக்காட்டுக் கறி வழியாக வரும். மூட்டையை மூடி வையுங்கள், கறியை நன்றாக வேக விடுங்கள்.

அடுத்த ஆடு வீசினால் கையுறை, முகக்கவசம் போட்டுக்கொண்டு குட்டியையும் நஞ்சையும் இரண்டு பிளாஸ்டிக் பைகளில் கட்டி, ஐஸ் வைத்துக் கால்நடை மருத்துவரிடம் கொடுங்கள். ஆய்வகத்துக்கு அனுப்ப அதுதான் நல்ல மாதிரி. ஏற்கெனவே வீசியவற்றுக்கு ரத்தம் எடுத்துச் சோதிக்கலாம். 1962 என்ற கால்நடை உதவி எண்ணுக்குப் பேசினாலும் வழி சொல்வார்கள். மாதிரி போக மிச்சத்தை நாய் தோண்டாத ஆழத்தில் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். மாட்டின் நஞ்சுக்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டுவோமே, அதை வீசிய ஆட்டுக்குச் செய்துவிடாதீர்கள். சொட்டுவதெல்லாம் கீழே நிற்பவர் தலையில்தான்.

சரி, விற்பது. முடிவு தெரியும்வரை ஒரு ஆட்டைக்கூடச் சந்தைக்கு ஏற்றாதீர்கள். வீசிய ஆட்டைச் சத்தமில்லாமல் தள்ளிவிடுவது நம் ஊரில் சகஜம். வாங்குகிற வீட்டிலும் ஒரு கர்ப்பிணி இருக்கலாம். வீசிய நான்கையும் தனியாகக் கட்டுங்கள். புருசெல்லா என்று உறுதியானால் அந்த ஆடுகளுக்கு வைத்தியம் பார்த்து மீட்பது நடைமுறையில் ஆகாது, மருத்துவர் சொல்கிறபடி கழிக்க வேண்டியதுதான். மற்றவற்றை வைத்துக்கொள்ளலாமா என்பதையும் சோதனை முடிவுதான் சொல்லும். கன்றுகளுக்கு அரசு போடும் புருசெல்லா தடுப்பூசி 4 முதல் 8 மாதக் கிடேரிக் கன்றுகளுக்கானது, ஆட்டுக்கு வராது. வீட்டில் கிடேரி இருந்து ஊசி போட வந்தாலும் மனைவி பிடித்துக்கொடுக்கப் போக வேண்டாம். அது உயிருள்ள கிருமி ஊசி, தவறிக் குத்தினால் மனிதருக்கும் நோய் வரும்.

இந்த வீச்சு தொடங்குவதற்கு முன் வெளியிலிருந்து கிடாவோ பெட்டையோ வாங்கினீர்களா? ஆம் என்றால் கால்நடை மருத்துவரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள். அந்த ஆட்டுக்கும் சேர்த்து ரத்தம் எடுக்கட்டும்.