பின்னல் கைக்கயிறு ஏன் சுருள்கிறது?

கேள்வி: நிலாவெளிக்கு வருகிற சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கலாம் என்று பருத்தி நூலில் கைக்கயிறு பின்னுகிறேன். தட்டையாக வரவேண்டிய பின்னல் பாதியில் சுருள்கிறது. கடலில் நனைந்தால் இறுகி, நுனியும் பிரிகிறது. என்ன செய்யலாம்? (வாசகி, உப்புவெளி)

சுருளுவதற்கு நூல் காரணமில்லை. நடுவில் இரண்டு நூல், பக்கத்துக்கு ஒன்று என்று வைத்துத்தானே சதுர முடிச்சுப் போடுகிறீர்கள்? ஒவ்வொரு தடவையும் இடப்பக்க நூலையே முன்னால் எடுத்தால் பின்னல் சுற்றிக்கொண்டுதான் போகும். இடம், வலம் என்று மாறிமாறி எடுக்க வேண்டும். தெரிந்த விஷயம்தான், ஆனால் கதைத்துக்கொண்டே பின்னும்போது கணக்குத் தப்பிவிடும்.

அதனால் பக்க நூல்களை இரண்டு நிறத்தில் எடுங்கள், நீலமும் வெள்ளையும் என்று வையுங்கள். தட்டையான பின்னலில் எந்தப் பக்கம் நின்றாலும் நீலம்தான் எப்போதும் முன்னால் குறுக்கே போகும், வெள்ளை பின்னால் போகும். முன்னால் வெள்ளை தெரிந்தால் அங்கேயே அவிழ்த்துவிடுங்கள். ஒரே நிறம் என்றால் ஓரத்தைப் பாருங்கள். கடைசியாக மேடு எழும்பிய பக்கத்து நூல்தான் அடுத்து முன்னால் வரும்.

அடுத்தது நூல். கடலில் குளிக்கிறவர்களுக்குப் பருத்தி வேண்டவே வேண்டாம். நனைந்தால் ஊதி முடிச்சை இறுக்கும், காய்ந்ததும் உப்போடு விறைத்துப்போகும். மெழுகு பூசிய பொலியெஸ்டர் நூல் வாங்குங்கள். நைலோனும் பரவாயில்லை, நனைந்தால் கொஞ்சம் நீளும், அவ்வளவுதான். கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்பாமல் ஒரு துண்டைக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி கடதாசி மணத்தோடு சாம்பலாகும். மற்ற இரண்டும் உருகி, ஆறியதும் கெட்டியான மணியாகும்.

நுனி பிரியாமல் இருப்பதும் இந்த உருகலால்தான். 2 மில்லிமீற்றர் விட்டு வெட்டி, லைட்டர் சுவாலையின் நீலப் பகுதிக்குக் கிட்டக் கொண்டுபோங்கள். சுவாலைக்குள் விட்டால் கறுத்துவிடும். உருகியதை ஈரக் கரண்டியின் முதுகால் அமத்துங்கள். விரல் வைக்க வேண்டாம், தோலில் ஒட்டிச் சுட்டுவிடும்.

நீளத்துக்கு, ஒவ்வொரு பக்க நூலும் பின்னலைப்போல் 5 மடங்கு, பிடித்து இழுக்க இன்னும் 15 சென்ரிமீற்றர். 16 சென்ரிமீற்றர் பின்னலுக்கு ஒரு பக்கம் 95 வரும்.

மீன்பிடிச் சாமான் கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று தங்கூசி (ஒற்றை இழை நைலோன் தூண்டில் நூல்) வாங்கிவிடாதீர்கள். வழுக்கும், முடிச்சு நிற்காது. அதே கடையில் வலை பொத்துகிற முறுக்கு நைலோன் நூல் இருந்தால் தாராளமாக வாங்கலாம்.