நெல்லின் மைட்டோகாண்ட்ரியா: கேட்டவையும் என் பதில்களும்

முதுநிலை மாணவி ஒருவர்: செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்கென்று தனி டி.என்.ஏ. உண்டு. மனிதரில் அது 16,569 எழுத்து இணைகள்தாம். நெல்லுக்கு மட்டும் ஏன் சுமார் 4.9 லட்சம்?

மரபணுக்கள் கூடியதால் அல்ல. புரதத்துக்கான மரபணுக்கள் நமக்கு 13, நெல்லுக்கு முப்பத்துச் சொச்சம். மிச்சமெல்லாம் பெரும்பாலும் இடைவெளி. பசுங்கணிகத்திலிருந்தும் உட்கருவிலிருந்தும் வந்து தங்கிவிட்ட துண்டுகளும் அதில் உண்டு. சைலீன் கோனிகா என்ற சிறு பூச்செடியில் இது 1.1 கோடியைத் தாண்டுகிறது. அங்கும் மரபணுக்கள் பெருகவில்லை.

அப்படியானால் இது வேகமாக மாறும் டி.என்.ஏ.தானே?

எழுத்து மாறுவது மிக மெதுவாக, வரிசை மாறுவது மிக வேகமாக. விலங்குகளில் இதற்கு நேர்மாறு. பூக்கும் தாவரங்களில் பொதுவாக மைட்டோகாண்ட்ரியா மரபணுவின் எழுத்து மாறும் வேகம் பசுங்கணிகத்தின் வேகத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை என்று 1987-இலேயே கணக்கிட்டார்கள். சைலீன் வகைகள் சில விதிவிலக்கு. ஆனால் துண்டுகள் வெட்டி ஒட்டப்படுவது ஓய்வதே இல்லை. பின்னால் வரும் நெல் கதைக்கு இதுதான் வித்து.

பள்ளி ஆசிரியர் ஒருவர்: டி.என்.ஏ.யைப் படித்தால் புரதம் தெரிந்துவிடும் என்று வகுப்பில் சொல்கிறேன். சரிதானா?

இங்கே சரியில்லை, ஐயா. சி.ஜி.ஜி. என்ற மூவெழுத்து அர்ஜினின் என்ற அமினோ அமிலத்தைக் குறிக்கும். தாவர மைட்டோகாண்ட்ரியாவில் மட்டும் அது டிரிப்டோபன் என்ற வேறொரு அமினோ அமிலத்தைக் குறிப்பதாக ஒரு காலத்தில் நம்பினார்கள். 1989-இல் உண்மை தெரிந்தது: டி.என்.ஏ.யிலிருந்து ஆர்.என்.ஏ. என்ற நகலைப் படியெடுத்த பிறகு அதில் சில ‘சி’ எழுத்துகள் ‘யு’ ஆகத் திருத்தப்படுகின்றன. சி.ஜி.ஜி., யு.ஜி.ஜி. ஆகிவிடுகிறது, அதுவோ டிரிப்டோபனுக்கு உரியது. ஆய்வகங்களில் வளர்க்கும் அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் இப்படி 441 இடங்களை 1999-இல் எண்ணினார்கள். எந்த இடத்தில் திருத்துவது என்று அடையாளம் காண்பவை பி.பி.ஆர். புரதங்கள், அந்தச் செடியில் சுமார் 450 உண்டு. அவற்றின் மரபணுக்கள் இருப்பது உட்கருவில். திருத்துபவர் வெளியாள் என்பதை மாணவர்களுக்கு அவசியம் சொல்லுங்கள்.

மரபணுக்கள் உட்கருவுக்குக் குடிபெயரும் என்கிறார்களே, ஆதாரம் உண்டா?

நம் சமையலறைத் தட்டைப்பயறே ஆதாரம். சுவாசத்துக்கான ஒரு புரதத்தைத் தரும் அதன் காக்ஸ்2 மரபணு மைட்டோகாண்ட்ரியாவில் இல்லை, உட்கருவில் இருக்கிறது. அந்தப் படி, திருத்தப்பட்ட ஆர்.என்.ஏ.வின் எழுத்துகளையே ஒத்திருக்கிறது. ஆகவே ஆர்.என்.ஏ. வழியாகத்தான் போயிருக்க வேண்டும். இந்த ஒரு சான்றை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

விவசாயி ஒருவர்: வீரிய ஒட்டு நெல்லில் எடுத்த விதையை ஏன் மறுபடி விதைக்கக் கூடாது?

ஒட்டு விதை என்பது, ஆண் மலட்டுத் தாய் வரிசையின் பூவில் பக்கத்துத் தந்தை வரிசையின் மகரந்தம் சேர்ந்து வருவது. விதை உற்பத்தி வயலுக்குப் பூக்கும் நேரத்தில் போய், ஆண் மலட்டு வரிசையில் ஒரு பூவையும் பக்கத்துத் தந்தை வரிசையில் ஒரு பூவையும் பிரித்துப் பாருங்கள். தந்தைப் பூவில் மகரந்தப்பை மஞ்சளாகப் புடைத்திருக்கும். மற்றதில் வெளிறிச் சுருங்கியிருக்கும். இரண்டையும் அயோடின் கரைசலில் நசுக்கி நுண்ணோக்கியில் வைத்தால், நல்ல மகரந்தம் கருத்துவிடும். மலட்டு மகரந்தத்தில் நிறமே ஏறாது.

அந்த மலட்டுத்தன்மை 1970-இல் சீனாவின் ஹைனான் தீவில் கிடைத்த ஒரு காட்டு நெற்செடியின் வழி வந்தது. மைட்டோகாண்ட்ரியாவில் துண்டுகள் ஒட்டிக்கொண்டு உருவான டபிள்யூ.ஏ.352 என்ற மரபணுதான் காரணம். அதன் புரதத்தால், மகரந்தத்துக்கு ஊட்டமளிக்கும் உட்படலம் காலத்துக்கு முன்பே மடிகிறது. தந்தை வரிசையின் உட்கருவில், மலட்டுத்தன்மையை நீக்கும் மீட்பு மரபணுக்கள் உண்டு. அவற்றில் ஒன்றான ஆர்.எஃப்.4 ஒரு பி.பி.ஆர். புரதத்தை உண்டாக்கி, அந்த மரபணுவின் ஆர்.என்.ஏ.வைக் குறைக்கிறது. உங்கள் வயலில் கதிர் மணி பிடிப்பது அதனால்தான். அடுத்த தலைமுறையில் மீட்பு மரபணுக்கள் எல்லாச் செடிக்கும் போய்ச் சேராது. மலட்டு மைட்டோகாண்ட்ரியா மட்டும் தாய்வழியாக எல்லாவற்றுக்கும் போகும். சில செடிகள் பதராகும், மற்றவையும் உயரத்திலும் பருவத்திலும் ஒன்றுபோல் வராது.

எல்லா ஒட்டு ரகமும் ஒரே மலட்டு மூலத்தை நம்பினால் ஆபத்தில்லையா?

ஆபத்துதான். 1970-இல் அமெரிக்க மக்காச்சோளத்தில் பெரும்பகுதி ‘டெக்சாஸ்’ மலட்டு மூலத்தில் நின்றது. அதன் டி-யு.ஆர்.எஃப்.13 என்ற ஒட்டுத்துண்டு மரபணுவின் புரதம், இலைக்கருகல் பூஞ்சை ஒன்றின் நச்சு பட்டதும் மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் ஓட்டை போட்டுவிடும். அந்த ஆண்டு நாட்டின் விளைச்சலில் சுமார் 15 சதவீதம் போயிற்று. அதன்பின் அங்கே விதை நிறுவனங்கள் டெக்சாஸ் மூலத்தைக் கைவிட்டு, ஆள் வைத்துக் கையால் ஆண் கொண்டையைக் கிள்ளும் வேலைக்கே திரும்பின.