கூண்டில் ஏறப்போவது யார்?

ஐயா,

தக்கலைப் பக்கம் ஒரு காவல் நிலையத்தில் இரண்டாம்நிலைக் காவலராக இருக்கிறேன். கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவன் என்பதால், மற்றவர்களுக்கு ஸ்டேஷன் கம்ப்யூட்டர் வேலையை நீதான் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று அதிகாரி உத்தரவு போட்டுவிட்டார். பவர்பாயின்ட் தயாரித்து இரண்டு வகுப்பு எடுத்தேன். பாதிப்பேர் தூங்கினார்கள். எஸ்.எஸ்.ஐ.க்களும் (சிறப்பு உதவி ஆய்வாளர்கள்) ஏட்டையாக்களும் (தலைமைக் காவலர்கள்) 'நீயே கம்ப்யூட்டர்ல போட்டுரு மக்களே' என்கிறார்கள். ஐம்பது தாண்டியவர்களை எப்படிப் பழக்குவது? இந்த வேலைக்குச் சான்றிதழ், படித்தொகை ஏதாவது கேட்கலாமா? பெயர் போட வேண்டாம்.

அன்புள்ள தம்பி,

படி கேள், தந்தால் வாங்கிக்கொள். சான்றிதழ் தந்தால் வீட்டில் மாட்டு. பவர்பாயின்டை மட்டும் அழித்துவிடு. இரவு ரோந்து முடித்து வந்த மனிதரை மின்விசிறிக்குக் கீழே உட்காரவைத்து படம் காட்டினால் தூங்காமல் என்ன செய்வார்?

'நீயே போட்டுரு மக்களே' என்று அவர்கள் சொல்கிறார்கள், சரி. நீ என்ன செய்தாய் என்று எழுதவில்லையே? போட்டுக்கொடுத்திருப்பாய். அவர் லாகின், உன் விரல். பாஸ்வேர்டு மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருக்கும், அல்லது ஸ்டேஷனுக்கே மனப்பாடமாக இருக்கும். அன்பாகத்தான் செய்கிறாய், தெரிகிறது. ஆனால் அந்த ஏட்டையாவுக்கு நீ குழி வெட்டுகிறாய்.

எப்படி என்று சொல்கிறேன். 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டங்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 105ஆம் பிரிவின்படி சோதனையையும் கைப்பற்றுவதையும் வீடியோ எடுக்க வேண்டும். பொருள் பட்டியல் எழுதுவதும் சாட்சிகள் கையெழுத்துப் போடுவதும் அதில் அடங்கும். அந்த வீடியோ கோர்ட்டில் நிற்க, சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63ஆம் பிரிவின் சான்றிதழ் வேண்டும். அதில் முதல் பகுதி, கருவியைக் கையாண்டவர் தருவது, இரண்டாவது நிபுணருக்கு. கருவியின் தயாரிப்பு, மாடல், நிறம், வரிசை எண், ஐ.எம்.இ.ஐ. (ஃபோனின் அடையாள எண்), கோப்பின் ஹாஷ் மதிப்பு (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாளக் குறி) எல்லாம் எழுத வேண்டும். நீ டைப் அடித்துக் கொடுக்கிறாய், எஸ்.எஸ்.ஐ. கையெழுத்துப் போடுகிறார். இரண்டு வருடம் கழித்து பத்மநாபபுரம் கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் நிதானமாகக் கேட்பார்: 'ஹாஷ் என்றால் என்ன? நீங்களா எடுத்தீர்கள்? எந்தக் கம்ப்யூட்டரில்?' அப்போது நீ பக்கத்தில் நின்று மவுஸைப் பிடிக்க முடியாது. வேறு ஸ்டேஷனில் பாராவில், காவல் பணியில், நின்றுகொண்டிருப்பாய்.

ஆகவே பாடத்தைச் சாட்சிக் கூண்டிலிருந்து பின்னோக்கித் தொடங்கு. அவரிடம் என்ன கேட்பார்களோ, அதை அவர் தன் வாயால் சொல்லத் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு ஹாஷ் ஒன்றே நல்ல முதல் பாடம். 'கோப்பின் கைரேகை' என்று சொல், முப்பது வருடம் கைரேகை பார்த்தவருக்கு உடனே பிடிபடும். பிறகு சோதனை செய்து காட்டு. ஃபோனில் பத்து வினாடி வீடியோ எடுக்கச் சொல். கேபிள் போட்டுக் கம்ப்யூட்டருக்கு மாற்றி, எஸ்.ஹெச்.ஏ.256 என்ற முறையில் ஹாஷ் எடுக்கச் சொல். 64 எழுத்து வரும். கோப்பின் பெயரை மாற்றி மறுபடி எடுக்கட்டும்: அதே 64. இனி அதே வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பி, இறக்கி, எடுக்கட்டும்: மொத்தமும் வேறு. வாட்ஸ்அப் வீடியோவைச் சுருக்கிவிடுகிறது, அதனால். 'ஸ்டேஷன் குரூப்பில் போடுங்க, அங்கிருந்து எடுத்துக்கலாம்' என்ற பழக்கம் எவ்வளவு பெரிய ஆபத்து என்று நீ பிரசங்கம் செய்யவே வேண்டாம். அவரே தலையில் கைவைப்பார்.

இதைச் செய்யும்போது உன் கை மவுஸில் படக்கூடாது. கையைப் பின்னால் கட்டிக்கொள். தவறான இடத்தில் சொடுக்கினாலும் பொறு. எங்கே போனோம் என்று அவரே திரும்பி வரட்டும். ஒரு நாளைக்கு ஒரு வேலை, அரை மணி நேரம், ஒருவர் அல்லது இருவர். முடிந்த பழைய வழக்கை வைத்துப் பழக்கு, நடக்கும் வழக்கில் கைவைக்காதே. படிகளை அவர் கையாலேயே நோட்டில் எழுதட்டும். ஒரு வாரம் விட்டு மறுபடி செய்யச் சொல், அப்போது நீ அறையிலேயே இருக்காதே. மனுதாரர்கள் உட்கார்ந்திருக்கும்போது ஒருபோதும் சொல்லிக்கொடுக்காதே. இருபத்தைந்து வருட சர்வீஸ்காரர் சின்னப் பையன் முன்னால் திணறுவதை ஊர்க்காரர்கள் பார்த்தால், அதோடு உன் வகுப்பு முடிந்தது.

டைப்பிங் விஷயத்தில் வம்பு செய்யாதே. பழைய தட்டச்சுப் படித்தவரைத் தமிழ்99 விசைமுறைக்கு இழுக்காதே. யூனிகோடிலேயே பழைய தட்டச்சு விசைமுறை இருக்கிறது, அதைப் போட்டுக்கொடு. யூனிகோடு அல்லாத பழைய வானவில் எழுத்துருவில் அடித்த வாக்குமூலத்தை இணையப் படிவத்தில் ஒட்டினால் ஏன் கிறுக்கலாகிறது என்பதை மட்டும் ஒருமுறை காட்டு.

நம் குமரி மாவட்டத்துக்கென்றே ஒன்று உண்டு. களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், Sasidharan என்று எழுதும் பெயரை இங்கே Sasitharan என்று பதிந்திருப்பார்கள்; dh போன இடத்தில் th. குழித்துறையில் 'ழ'வுக்கு zh, l இரண்டும் உண்டு. பாதி ஊர் 'விளை'யில் முடியும், வீட்டுப்பெயர் ஒன்று தனியாக இருக்கும். பழைய குற்றவாளியைத் தேடி 'ரெக்கார்டு இல்லை' என்று எழுதுவதற்கு முன் இத்தனை கூட்டலிலும் தேட வேண்டும். என்னென்ன கூட்டல் வரும் என்று உனக்குத் தெரியாது, ஏட்டையாவுக்குத் தெரியும். அந்தப் பட்டியலை அவரிடம் நீ கேட்டு எழுது. மகஜரில் (சம்பவ இடத்தில் எழுதும் பதிவு) நான்கெல்லை எழுதுவதையும் அவரிடமே படி. நீ அவரிடம் கற்றுக்கொள்பவனாகவும் இருந்தால் அவர் உன்னிடம் கேட்கக் கூச்சப்பட மாட்டார்.

நேரம் பார்த்துத் தொடங்கு. கார்த்திகையில் ஐயப்ப சீசன், கோட்டாறு சவேரியார் திருவிழா; மார்கழியில் சுசீந்திரம் தேர்; மாசியில் மண்டைக்காடு கொடை. இதற்கிடையில் வகுப்பு வைத்தால் யாரும் வரமாட்டார்கள், வந்தால் பந்தோபஸ்துக்கு ஆள் குறையும். ஆனி, ஆடி மழையில் வை. முதலில் ஒரே ஒரு எஸ்.எஸ்.ஐ.யைப் பிடி, எல்லோரும் மதிக்கிறவராக. அவர் கற்றபின் அடுத்தவருக்கு அவரே சொல்லட்டும். நீ ஒதுங்கி நில்.

இன்று இரவு முதல் வேலையாக மானிட்டரில் ஒட்டியிருக்கும் அந்தச் சீட்டைக் கிழி. நாளை காலை அவரவர் பாஸ்வேர்டை அவரவர் மாற்றட்டும். அடிக்கும்போது நீ ஜன்னலைப் பார்த்துக்கொண்டிரு.